துடக்குக்குள் விரதமில்லை

“யூன், இரண்டாவது வியாழன். பின்னேரம் மழை. தம்பி வந்து சேர்ந்தான். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை. கீழே படுக்கை விரித்துக் கொடுத்தேன். இரவு புட்டும் முட்டைப் பொரியலும். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. எங்கேயிருந்து வந்தான் என்பதை நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டாலும் மறக்கக்கூடிய விஷயம் அல்ல என்று அப்போது நினைத்திருப்பேன். ரொறன்ரோ நகரத்துக்கு வடக்கே, காரில் இரண்டு மணித்தியாலம் போகவேண்டிய ஒரு சிகிச்சை நிலையத்தில் குடியை விடுவதற்காகத் தங்கியிருந்தவன், அங்கே காலம் முடிந்து என் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றுக்கு வந்தான். அவனுடைய மனைவி பிரிந்துபோய் நெடுங்காலம். பிள்ளைகள் இல்லை. எங்கள் மூன்று பேரில் மூத்தவர் அண்ணை. நகரத்துக்கு மேற்கே, பிறம்ரனில் மனைவி மகனோடு இருந்தார். நடுவில் நான். தம்பி கடைசி.

நான் நகரத்தின் கிழக்கோரம் ரூஜில், தொடர்வீட்டு வரிசையில் ஒரு சிறிய ரவுன்ஹவுசில் தனியாக இருக்கிறேன். காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கோப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். இப்போது என்னைத் தேடி ஆட்கள் வருவது கல்வெட்டுக்காக. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவருடைய வாழ்க்கை வரலாறும் குடும்ப விபரமும் போட்ட சிறு புத்தகம் ஒன்றை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். அதில் பிறந்த தேதியோ கலியாணத் தேதியோ பிழைத்தால் மண்டபத்திலேயே சண்டை வரும். பிழைக்காமல் எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

தம்பி வந்த மறுநாளே நூலகத்துக்குப் போய்க் குடியை விட்டவர்களைப் பற்றிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் படித்தேன். மூளையில் என்ன நடக்கிறது, ஈரலில் என்ன நடக்கிறது எல்லாம் தெரிந்துகொண்டேன். பின்னேரம் நாலரைக்கு ஒரு மனிதன் பேஸ்மென்றிலிருந்து மேலே ஏறிவந்து குசினி வாசலில் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால் அவனுக்கு என்ன செய்யக் கொடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்த நேரந்தான் அவனுக்குப் பொல்லாத நேரம். வெயர்ஹவுசில் வேலை செய்த காலத்தில் ஷிஃப்ற் முடிந்து வருகிற வழியில் வாங்கி, வீட்டுக்கு வரமுன்பே தொடங்கிவிடுவான். இப்போது வேலை இல்லை, வழியும் இல்லை. நேரம் மட்டும் தவறாமல் வந்தது. முதல் நாள் வெங்காயம் உரிக்கக் கொடுத்தேன். அடுத்த நாள் பருப்பு. பிறகு அவனே, இண்டைக்கு என்ன அக்கா என்று கேட்டுக்கொண்டு ஏறிவரத் தொடங்கினான். அம்பத்திரண்டு வயதில் சோறு வடிக்கப் பழகினான். முதல் மூன்று தரமும் குழைந்தது. நாலாம் தரம் அரிசியாகவே இருந்தது. அதையும் இருவரும் சாப்பிட்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் அவனுக்குக் குறூப் இருந்தது. சிகிச்சை முடிந்தவர்கள் வட்டமாக இருந்து, இனி நாட்களை எப்படிக் கொண்டுபோவது என்று பழகுகிற இடம். நடத்துகிறவர் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த அறுபது வயதுப் பெண். நேரத்துக்குப் படுப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, பழைய சிநேகிதன் ரெலிபோன் எடுத்தால் எப்படிக் கதையை முடிப்பது, எந்த பஸ்சில் ஏறினால் மதுக்கடை வாசலால் போகவேண்டி வராது, இப்படியானவை அங்கே பாடம். தம்பி இரண்டு பஸ் மாறி, சுற்றுப்பாதையால் போய்வந்தான். குளிர் தொடங்கியும் அந்தப் பாதையை மாற்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து, இன்றைக்கு மறுக்கப் பழக்கினார்கள் என்றான். யாராவது கிளாசை நீட்டினால் என்ன சொல்வது என்று. கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ஒரே ஒரு வசனம். விளக்கம் சொல்லக்கூடாது, விளக்கம் சொன்னால் மற்றவர் வாதாடத் தொடங்குவார். அவன் அந்த ஆங்கில வசனத்தைக் குசினியில் நின்று எனக்குச் சொல்லிக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது.

“உதைத் தமிழில சொல்லிப் பார்,” என்றேன்.

“நான் குடிக்கிறேல்லை.”

நான் கரண்டியை கிளாஸ் மாதிரிப் பிடித்துக்கொண்டு, எங்கள் கொண்டாட்டங்களில் கார் டிக்கியைத் திறந்து போத்தலோடு நிற்கிற ஆட்களின் குரலில் கேட்டேன். “எப்ப தொடக்கம்?”

அவன் வாயெடுக்குமுன் நானே தொடர்ந்தேன்.

“டொக்டர் சொன்னவரோ? சுகரோ, பிறஷரோ? சுகரெண்டா விஸ்கி ஒண்டும் செய்யாது, எனக்கும் சுகர்தான். மனிசிக்குப் பயமோ? மனிசிதான் இல்லையே. இஞ்ச, ஒரு சொட்டு எடும். எனக்காக.”

“அக்கா, நீ வடிவாச் செய்யிறாய்,” என்றான். சிரித்தான். பிறகு முகம் மாறிக் கதிரையில் இருந்துவிட்டான். “உண்மையா உப்பிடித்தான் கேப்பாங்கள்.”

ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னால் கேட்டவர் தோளைக் குலுக்கிவிட்டு மற்றப்பக்கம் திரும்பிவிடுவார். எங்கள் ஆட்கள் அப்படி விடுவதில்லை. விடாமல் கேட்பதுதான் அவர்களுக்கு அன்பு. பதிலாக ஒரு காரணம் வேண்டும், அதுவும் அவர்கள் வாயை மூடுகிற காரணம் வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் தேதி பார்க்கும்போது அகப்பட்டது.

விரதம்.

எங்கள் ஆட்களிடம் விரதம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. மூக்கு முட்டக் குடிக்கிறவர்களும் ஊரில் நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் தேர் முடிந்து தீர்த்தம் வரை ரொறன்ரோவிலிருந்தே மீன் இறைச்சி என்ற மச்சத்தையும் போத்தலையும் தள்ளி வைப்பார்கள். நான் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, தம்பிக்கு ஒரு வருடத்துக்கான பட்டியல் போட்டேன். ஓகஸ்டில் நல்லூர். அது முடியப் புரட்டாதிச் சனி. கொண்டாட்டங்கள் எல்லாம் சனிக்கிழமையில்தானே வருகின்றன. பிறகு கேதாரகௌரி. அது முடிந்த கையோடு கந்தசஷ்டி. பிறகு விநாயகர் பெருங்கதை, திருவெம்பாவை, மாசியில் சிவராத்திரி. இடையில் ஓட்டை விழுகிற இடங்களில் வெள்ளிக்கிழமை. எனக்குள் ஒரு பெருமை. நான் இவ்வளவு காலம் தேதிகளோடு மாரடித்தது இதற்குத்தான் என்றுகூட நினைத்தேன்.

செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை, மாக்கம் வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் உறவுக்காரப் பிள்ளையின் பிறந்தநாள். வெளியே பார்க்கிங்கில் கார் டிக்கிகள் திறந்திருந்தன. தம்பியை இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதை நான் கண்ணாடிக் கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் அவன் ஜூஸ் பேணியோடு திரும்பிவந்தான்.

“புரட்டாதிச் சனி எண்டன். ஒருத்தன் மன்னிப்புக் கேட்டவன்.”

அன்றைக்கு அண்ணையும் பிறம்ரனிலிருந்து வந்திருந்தார். அண்ணை அளவாகக் குடிக்கிற மனிதர். சனிக்கிழமையில் பிரண்டி, தனக்கென்று வைத்திருக்கும் அடிப்பாகம் தடித்த ஒரு கிளாஸ், அதில் இரண்டு தரம், அவ்வளவுதான். தம்பியின் குடியை அவரால் விளங்கிக்கொள்ள முடிந்ததே இல்லை. தன்னைப்போல அவனும் நிறுத்திக்கொள்ளலாம்தானே என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். ஆனால் அன்று தம்பிக்குப் பக்கத்திலேயே இருந்து, தானும் ஜூஸ் குடித்தார். அண்ணியின் தமையன் அந்தப் பக்கம் வந்து, என்ன இண்டைக்கு எல்லாரும் சாமியார் ஆகிட்டியள் என்று பகிடி விட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் தம்பியை விரதகாரர் என்றே கூப்பிடத் தொடங்கினார்.

தம்பி குறூப்பில் இந்த விரதக் கதையைச் சொல்லியிருக்கிறான். எல்லோரும் ரசித்துக் கேட்டார்களாம். நடத்துகிற பெண்மணியும் சிரித்துவிட்டு, விரதம் முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம்.

“அடுத்த விரதம் வரும் எண்டன். ஓகே எண்டு சொல்லிட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா.”

கலண்டர் தெரியாதவர் அப்படித்தான் கேட்பார் என்று நான் சொன்னேன்.

நவெம்பர் நடுப்பகுதியில், ஒரு புதன்கிழமை காலை, அண்ணை படுக்கையிலிருந்து எழும்பவில்லை. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அண்ணி ரெலிபோனில் சொன்னபோது தம்பி பக்கத்தில்தான் நின்றான். அவன் என்னிடமிருந்து ரெலிபோனை வாங்கி, நாங்கள் வாறம் அண்ணி, ஒரு மணித்தியாலத்தில நிப்பம் என்று சொன்னான். நான் அழுதுகொண்டிருந்தேன். அவன் அடுப்பை நிறுத்தி, என் குளிர்ச்சட்டையை எடுத்துத் தந்து, கதவைப் பூட்டினான். இவ்வளவையும் அவன் செய்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

செத்தவீடு முடிந்தது. தகனம் முடிந்து வந்த அன்று நான் கலண்டரைப் பார்த்தேன், எட்டுச்செலவு எந்த நாளில் விழுகிறது என்று எண்ண. அப்போதுதான் என் பிழை எனக்குத் தெரிந்தது. துடக்கு. இறந்தவரின் கூடப்பிறந்தவர்களுக்கு அந்தியேட்டி வரை துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, பூசை இல்லை, விரதமும் இல்லை. வருடம் முழுவதற்கும் ஓட்டை விழாமல் நான் போட்டுக் கொடுத்த பட்டியலை ஒரு சாவு ஒரு நாளில் கழித்துவிட்டது. கல்வெட்டு எழுதுகிறவளுக்கு, சாவு வரும் என்பது நினைவில் வரவில்லை.

அதைவிட மோசமானது எட்டுச்செலவு. எட்டாம் நாள் அளவில் பின்னேரம், இறந்தவரின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, அவர் விரும்பிச் சாப்பிட்டவை எல்லாவற்றையும் படைப்போம். ஆட்டிறைச்சி, மீன், கணவாய், பணியாரம், எது அவருக்கு விருப்பமோ அது. குடிக்கிறவர் என்றால் போத்தலும் கிளாசும். படைத்து விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம், அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு திறந்து, ஒரு பங்கைப் பிரித்து வெளியே கொண்டுபோய் வைப்போம். மிச்சத்தை வீட்டுக்காரர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். போத்தலில் உள்ளதை ஆம்பிளைகள்.

நான் தம்பியிடம் நீ வரவேண்டாம் என்றேன். காய்ச்சல் என்று சொல்கிறேன் என்றேன்.

“அண்ணற்ர எட்டுக்குப் போகாட்டி, பிறகு நான் எதுக்குப் போறது?” என்று கேட்டான்.

எட்டுக்கு முதல் நாள் செவ்வாய். குறூப்புக்குப் போய்வந்தான். அந்தப் பெண்மணி போகாதே என்று சொல்லவில்லை. வழக்கமாக இப்படியான இடத்துக்குப் போகமுன் அவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் கேட்டாராம். யாரோடு போகிறாய்? எப்படித் திரும்புவாய்? எத்தனை மணிக்கு? மனம் தளம்பினால் யாருக்கு ரெலிபோன் எடுப்பாய்? என்ன சொல்லப்போகிறாய்? முதல் நாலுக்கும் பதில் இருந்தது. நான் கார் ஓட்டுவேன்; எட்டு மணிக்கு, யார் என்ன சொன்னாலும், புறப்படுவோம்; குறூப்பில் அவனுக்கு முன்னே குடியை விட்ட ஒரு பஸ் சாரதி ரெலிபோனைக் கையில் வைத்திருப்பார். ஐந்தாவது கேள்விக்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. எட்டுச்செலவு என்றால் என்ன என்று அவன் அங்கே விளக்கியபோது, அண்ணனுக்கு வைத்ததை நீ குடிக்காவிட்டால் அண்ணனை மறுத்தது போலவா என்று அவர் கேட்டாராம். ஓம் என்றானாம். அப்படியானால் இது நான் இதுவரை கேட்காத மாதிரி ஒன்று என்றாராம்.

பிறம்ரன் வீட்டில் நான் காலையிலிருந்தே சமைத்தேன். அண்ணியால் குசினிக்குள் வரமுடியவில்லை. வந்தால் ஒவ்வொரு பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணைக்கு மீன்தலைக் குழம்பு விருப்பம், கத்தரிக்காய் பால்கறி விருப்பம், கடையில் வாங்குகிற உளுந்துவடை விருப்பம். எல்லாம் செய்தோம், வாங்கினோம். தம்பி தேங்காய் துருவினான், கணவாய் துப்புரவாக்கினான். ஆம்பிளைகள் எல்லாம் முன் அறையில் இருக்க அவன் மட்டும் பெண்களுக்குள் நின்றதைப் பார்த்து ஓர் அன்ரி, உவன் எப்ப உதெல்லாம் பழகினவன் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். இந்த வருசம் என்றேன்.

போத்தலை வைத்தது அண்ணியின் தமையன். அண்ணையின் அலுமாரியிலிருந்து எடுத்துவந்து, அண்ணையின் அந்தத் தடித்த கிளாசிலேயே ஊற்றி, இலையின் வலப்பக்கம் வைத்தார். அந்த மனிதரைப் பற்றி நான் குறையாக எழுத விரும்பவில்லை. செத்தவீட்டுச் செலவுக்கு ஓடித்திரிந்தது அவர்தான். ஐயரைப் பிடித்தது, மண்டபம் பிடித்தது எல்லாம் அவர்தான். அண்ணையோடு முப்பது வருடச் சனிக்கிழமைகள் அவருக்கு இருந்தன.

விளக்கேற்றிக் கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படிக்கட்டிலும் நடையிலும் நின்றோம். நவெம்பர் என்பதால் ஐந்து மணிக்கே வெளியே இருட்டு. கதவைத் திறந்தபோது பிரண்டி மணம் அறையெல்லாம் நின்றது. அண்ணையின் மகன், இருபத்தாறு வயது, இங்கே பிறந்தவன், தாய்மாமன் சொன்னபடி ஒரு பெரிய அலுமினியத் தட்டில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தான். ஊரில் என்றால் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். இங்கே வளவின் பின்பக்கம், இரவில் றக்கூன்கள் ஏறிவந்து குப்பை கிளறுகிற வேலியோரம்.

அப்போது அண்ணியின் தமையன் கிளாசை எடுத்தார். எல்லோருக்கும் முன்னால் தம்பியிடம் நீட்டினார்.

“மச்சான், நீர்தானே கூடப்பிறந்தது. முதல் ஒரு வாய் நீர் எடும். பிறகுதான் நாங்கள்.”

இப்படி ஒரு முறை இருக்கிறது என்று நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வயதானவர்களைப் பிறகு கேட்டபோதும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த அறையில் அது முறையாகவே இருந்தது.

“நான் குடிக்கிறேல்லை மச்சான்,” என்றான் தம்பி. குறூப்பில் பழகிய மாதிரியே, கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல்.

“தெரியும், விரதகாரர். துடக்குக்குள்ள என்ன விரதம்?”

பின்னால் ஒருவர் சிரித்தார். தமையன் சிரிக்கவில்லை.

“இது குடியில்லை. படைச்சது. உம்மட கொண்ணற்ர பங்கு.”

“மாமா, லீவ் இற்,” என்றான் அண்ணையின் மகன். “சித்தப்பாக்கு வேண்டாமெண்டா விடுங்கோ.”

“நீ சும்மா இரு. உனக்கு உது விளங்காது.”

தம்பி கையை நீட்டிக் கிளாசை வாங்கினான். நான் குசினி வாசலில் நின்றேன். அவனுடைய கையை மட்டுந்தான் பார்த்தேன். தேங்காய் துருவியதில் பெருவிரலில் காயம், பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் என்னைப் பார்ப்பான், பிறகு அவன் என்ன செய்தாலும் அது எனக்காகச் செய்ததாக ஆகிவிடும். அப்படியெல்லாம் நான் அங்கே நின்று யோசித்தேனா, பிறகு வீட்டில் யோசித்தேனா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. கூப்பிடவில்லை என்பது மட்டும் உண்மை.

“அண்ணற்ர பங்கெண்டா அவருக்குத்தானே போகோணும்,” என்றான் தம்பி. மெதுவாகத்தான் சொன்னான். “நான் அவருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

மகனின் கையிலிருந்த தட்டை வாங்கி ஒரு கையில் ஏந்திக்கொண்டான். மற்றக் கையில் கிளாஸ்.

“பிரண்டியை றக்கூனுக்கோ குடுக்கப்போறீர்?” என்று தமையன் கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. யாரோ ஒருவர், நாளைக்கு றக்கூன் வேலியில ஏறாது என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அறை இளகியது. மூலையில் இருந்த அண்ணி சொன்னாள்.

“கிளாசைத் திருப்பிக் கொண்டு வாங்கோ தம்பி. அது எனக்கு வேணும்.”

அவன் பின்கதவால் இறங்கினான்.

படையலை வெளியே கொண்டுபோகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. வீட்டில் நிற்பவர்களும் பார்க்கக்கூடாது. கதவைச் சாத்தி, யன்னல் திரையை இழுத்துவிடவேண்டும். இதைச் செய்தது நான்தான். என் கையால்தான் குசினி யன்னலின் திரையை இழுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றை இலைகளில் போட்டேன்.

ஐந்து மாதமாக அவனை நான் கண்ணால் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பஸ்சால் இறங்கி வருகிறபோது நடையைப் பார்ப்பேன். கதைக்கும்போது கண்ணைப் பார்ப்பேன். அவனுக்கும் அது தெரியும். இப்போது, கையில் கிளாசோடு, இருட்டில், எவரும் பார்க்கக்கூடாத ஓர் இடத்தில் அவன் தனியே நின்றான். இப்படி ஒரு வேளையை குறூப்பிலோ என் குசினியிலோ நாங்கள் எவரும் பழகிப் பார்க்கவில்லை.

படையல் வைத்தவர் கால் முகம் கழுவித்தான் வீட்டுக்குள் வரவேண்டும். வெளிக்குழாயைக் குளிருக்காகப் பூட்டியிருந்ததால், அவன் கராஜ் பக்கத்தால் வந்து பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் கால் முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தான். கிளாஸ் வெறுமையாக, வாய் கீழே பார்க்கக் கையில் இருந்தது. அதை சிங்கில் வைத்தான். என்னிடம், சாப்பாடு போடு அக்கா, பசிக்குது என்றான். நின்றபடியே சாப்பிட்டான். முன் அறையில் மிச்சப் போத்தல் சுற்றத் தொடங்கிவிட்டது. தமையன் அழுகிற சத்தம் கேட்டது. தம்பி கையைக் கழுவிவிட்டு அங்கே போய், அவருக்குப் பக்கத்தில் இருந்து, தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். குடிக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

கிளாசை மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து நான்தான் கழுவினேன். துடைத்து அண்ணியிடம் கொடுத்தேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். இன்னும் இருங்கோ என்றார்கள். நாளைக்கு வேலை இருக்கு என்று சொல்லிவிட்டேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் தம்பி பஸ் சாரதிக்கு ரெலிபோன் எடுத்து ஆங்கிலத்தில் கதைத்தான். முடிந்தது, பரவாயில்லை, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்ற அளவில். பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

“நீ ஒண்டும் கேக்கேல்லை.”

“என்னத்தைக் கேக்கிறது?”

“ஊத்தினனோ எண்டு.”

“ஊத்தினியோ?”

“ஓம்.”

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். மணத்தால் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. எங்கள் இருவரின் உடுப்பிலும், தலைமயிரிலும், காருக்குள்ளும் அந்த அறையின் பிரண்டி மணம் இருந்தது. வெறும் கோப்பி குடித்த எனக்கே அப்படி.

அந்தியேட்டிக்கு அவன் மண்டபத்தில் முன்னால் நின்று ஆட்களை வரவேற்றான். அண்ணையின் கல்வெட்டை நான் எழுதினேன். எழுதியவற்றிலேயே கடினமானது அதுதான். துடக்குக் கழிந்து பெருங்கதை வந்தபோது, பழைய பட்டியலை எடுத்துத் தரட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். தைப்பொங்கலுக்கு ஒரு வீட்டில் கிளாசை நீட்டினார்கள். நான் குடிக்கிறேல்லை என்றான். எப்ப தொடக்கம் என்று கேட்டார்கள், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே மாதிரி. போன வருசம் குடியை விடுற ஆஸ்பத்திரியில இருந்தனான், அதோட விட்டிட்டன் என்றான். கேட்டவர் கொஞ்சம் திகைத்துவிட்டு, தன்னுடைய மருமகனும் அப்படி ஓர் இடத்தில் இருக்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். அந்தக் கதை நெடுநேரம் போனது. தம்பி இருந்து கேட்டான்.

இப்போது ஒரு பேக்கரியில் பகல் ஷிஃப்ற். செவ்வாயும் வெள்ளியும் குறூப், அதே சுற்றுப்பாதை பஸ். சோறு குழைவதில்லை.

எட்டுச்செலவு நடந்த அன்றைய தேதிக்குக் கீழே என் நாட்குறிப்பில் சமைத்தவற்றின் விபரம், வந்தவர்கள், புறப்பட்ட நேரம், வீடு வந்த நேரம் எல்லாம் இருக்கின்றன. வேலியோரத்தில் நடந்ததற்குத் ‘ஓம்’ என்ற தம்பியின் அந்த ஒரு சொல் தவிர வேறு சாட்சி இல்லை. அடுத்தநாள் காலையில் அண்ணையின் மகன் பார்த்தபோது தட்டு கவிழ்ந்து வெறுமையாகக் கிடந்ததாம். அதற்குள் இரவு பனியும் பெய்திருந்தது. அந்தப் பிரண்டி மண்ணில்தான் ஊற்றப்பட்டதா என்பதை நான் உறுதிப்படுத்தவில்லை.